வெள்ளிக்கிழமையும் ஓடும் மீட்டர்

கல்முனைக்குடி,
2023 பெப்ரவரி 20, திங்கட்கிழமை.

அன்புள்ள மச்சி முனவ்வறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் சத்திர சிகிச்சைக்குப் பின்னர் நீங்கள் சுவரைப் பிடிக்காமல் குளியலறை வரை நடப்பதாக உங்கள் மூத்தவள் றுக்ஸானா சொன்னாள். அல்ஹம்துலில்லாஹ். தெஹிவளையில் உங்களை வைத்துப் பராமரிக்கும் தங்கை சுபைறாவுக்கும் என் ஸலாத்தைச் சொல்லவும். எனக்குச் சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது. மற்றப்படி சுகம்.

பாலமுனையில் உங்கள் அரிசி ஆலையின் நிருவாக மேசையில் நான் உட்கார்ந்து, வருகிற மார்ச் முதலாம் திகதியுடன் இரண்டு வருடம் ஆகிறது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவனை, உங்கள் கணவர் மர்ஹூம் உதுமாலெவ்வை ஹாஜியார் மௌத்தான பின் நீங்கள்தான் அழைத்து அங்கே உட்கார வைத்தீர்கள். ஆகவே ஆலை விடயத்தை உங்களிடம் எழுத்தில் கேட்பதே முறை. போனில் கேட்கலாம்தான். போனில் சொன்ன சொல்லுக்குத் திகதி கிடையாது.

இம்மாத நடுப்பகுதியில் மின்கட்டணம் மறுபடியும் ஏறியது உங்களுக்குத் தெரியும். பெரும்போக நெல் களத்தில் குவிந்து கிடக்கும்போதே, மூத்த மருமகன் றாஸிக்கும் நடு மருமகன் இஹ்ஸானும் ஆலையைப் பூட்டுவது பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். இந்தப் போகத்து நெல்லைக் குற்றி முடித்து, கட்டடத்தை ஒரு சீமெந்து வியாபாரிக்குக் களஞ்சியமாகக் கொடுப்பது அவர்களுடைய யோசனை. பூட்டினால் பதினெட்டுப் பேர் வீட்டில் இருக்க வேண்டி வரும். அவர்களில் பாதிப்பேர் நெல் காயவைக்கும் பெண்கள்.

இதற்கு ஒரு மாற்று வழி 17ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, நம் வாசலுக்கே வந்தது. பவிதரன் என்ற பொறியியலாளர், கல்முனைப் பிள்ளை, வந்து பேசினார். ஒரு திட்டத்தின் கீழ், சிறு ஆலைகளில் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று ஒரு கிழமை கருவிகளைப் பூட்டி அளந்து, எதை மாற்றினால் எவ்வளவு மிஞ்சும் என்று அறிக்கை தருகிறார்களாம். சக்தி வினைத்திறன் மதிப்பாய்வு என்று அதற்குப் பெயர். இவ்வருடம் நமக்குச் செலவில்லை. ஜூன் 30ஆம் திகதிக்குள் திகதியிட்ட உரிமையாளரின் அங்கீகாரக் கடிதம் மட்டும் வேண்டும்.

ஆலையின் பணிப்பாளர் றாஸிக் என்பதால் அவரிடம் கேட்டேன். "ஆல மாமிட. மாமி சொல்லணும்" என்றார். அப்படியானால் நீங்களே மாமியிடம் கேளுங்கள் என்றேன். "நான் எப்பிடி மாமிக்கிட்டக் கதைக்கிற, மாமா? கலியாணம் முடிச்ச நாள்லரிந்து கதவுக்கு அங்கால நிண்டு அவ சொல்லுவா, இஞ்சால நிண்டு நான் கேப்பன். மோட்டர், பொயிலர் எல்லாத்தையும் கதவுக்குள்ளால சொல்ல ஏலுமா?" என்றார். மருமகனும் மாமியும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை என்ற நம் ஊர் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஓர் ஆலையின் முகாமைத்துவம் அந்தக் கதவடியில் வந்து நிற்கிறது.

ஆகவே நானே எழுதுகிறேன். அங்கீகாரத்தை எழுத்தில் அனுப்பவும். துஆவில் மறவாதீர்கள். வஸ்ஸலாம்.

தங்கள் மச்சான்,
பக்கீர் முகைதீன்

---

தெஹிவளை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் கிடைத்தது. சுபைறாவின் பேரப்பிள்ளைகள் முத்திரையைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார்கள். கடிதத்தை எல்லாரும் ஒரு முறை தொட்டுப் பார்த்தார்கள்.

என் கால் பரவாயில்லை. பயிற்சி கொடுக்க வரும் சிங்களப் பிள்ளை நல்ல பிள்ளை, ஆனால் இரக்கம் இல்லை. "தவ டிக்கக், அம்மா" என்று சொல்லிச் சொல்லியே காலை மடக்கிவிடுகிறாள். இன்னும் கொஞ்சம்தானாம்.

நீங்கள் கேட்ட விடயத்துக்கு என்ன அவசரம்? ஆலை அவர் காலத்திலும் ஓடியது, யாரும் கருவி பூட்டவில்லை. பெல்ட் தேய்ந்திருந்தால் கோணாமலையிடம் சொல்லி மாற்றுங்கள். மெக்கானிக் என்று அவனை எதற்கு வைத்திருக்கிறோம்?

இளையவள் வீட்டுப் பக்கம் போனால் மருமகனைப் பார்த்துவிட்டு வாருங்கள். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதாம். ஒட்சிசன் மெசின் இரவு பகலாக ஓடுகிறது என்று பிள்ளை சொன்னாள். அந்தச் சத்தத்தில் அவளும் தூங்குவதில்லை. சீனிக்குக் குளிசையை நேரத்துக்குப் போடுங்கள். உங்கள் வீட்டாருக்கு ஸலாம்.

முனவ்வறா

---

கல்முனைக்குடி,
2023 மார்ச் 13, திங்கட்கிழமை.

அன்புள்ள மச்சி,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் கடிதம் மார்ச் 2ஆம் திகதி கைக்குக் கிடைத்தது. எழுதிய திகதி அதில் இல்லை. வெள்ளிக்கிழமை என்று மட்டும் இருக்கிறது. வருடத்தில் எத்தனை வெள்ளிக்கிழமை வருகிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

இளைய மருமகனைப் போய்ப் பார்த்தேன். சாய்மனையில் சாய்ந்தபடி என்னோடு கதைத்தார். மூச்சு வாங்குகிறது. மெசின் கட்டில் காலடியில் ஓடுகிறது. நான் ஏதோ பிற ஆள் மாதிரி, எந்த நேரமும் "சத்தம் கேக்குதா, மாமா? மன்னிச்சிக்கங்க" என்று அதற்காக என்னிடம் வருத்தம் தெரிவித்தார்.

இனி ஆலை விடயம். பெல்ட் எல்லாவற்றையும் கோணாமலை பார்த்துவிட்டான். தேய்ந்தவை இரண்டு. மாற்றியாயிற்று. பில் குறையவில்லை. ஆனால் 10ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, நான் கண்ட ஒரு விடயத்தைத் தங்களுக்கு எழுதியே ஆக வேண்டும். ஜும்ஆத் தொழுகைக்காக ஆலை நிறுத்தப்பட்டது. மோட்டார் ஒன்றும் ஓடவில்லை, பொயிலர் அணைந்திருந்தது. நான் பள்ளிக்குப் புறப்படும் முன் மீட்டரின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டேன். திரும்பி வந்து பார்த்தால் இலக்கம் ஏறியிருக்கிறது. நின்றுபோன ஆலை மின்சாரம் குடிக்கிறது, மச்சி. வயரில் கசிவு, அல்லது அதைவிடப் பாரதூரமானது ஏதோ இருக்கிறது.

றாஸிக்கிடம் சொன்னேன். அவர் வெளியே பார்த்துவிட்டு எனக்குப் பிளேன்டீ ஒன்று சொல்லிவிட்டார். இஹ்ஸான் சிரித்து, "மீட்டரு மட்டும் ஜும்ஆவுக்குப் போகல்ல போல, மாமா" என்றார். கோணாமலையிடம் கேட்டேன். அவன் அந்த நேரம் பார்த்து ஒரு நட்டை இறுக்கத் தொடங்கினான். முப்பது வருடம் அரச காரியாலயத்தில் இருந்தவன் நான். கேள்வி கேட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் வேலையில் மும்முரமாவதை இதற்கு முன்னரும் பார்த்திருக்கிறேன்.

மதிப்பாய்வு என்பது ஆடம்பரம் அல்ல என்பதற்கு இதைவிட வேறு நியாயம் வேண்டுமா? அங்கீகாரத்தை அனுப்பவும். தயவுசெய்து திகதியிடவும்.

பக்கீர் முகைதீன்

---

தெஹிவளை,
நோன்பு பத்து.

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு எல்லாருக்கும் இலேசாகப் போக அல்லாஹ் அருள் புரியட்டும். இங்கே கஞ்சிக்குத் தேங்காய்ப் பால் விடுவதில்லை, கறிவேப்பிலை இரண்டு மிதக்கிறது. சுபைறாவிடம் ஒன்றும் சொல்ல முடியாது.

ஜும்ஆவுக்குப் போகிற மனிதர் குத்பாப் பிரசங்கத்தை நினைக்க வேண்டும், மீட்டரை நினைக்கக் கூடாது. பழைய ஆலைதானே, கொஞ்சம் கசியும். என் முழங்காலும் கசிந்துதான் இவ்வளவு நாள் நடந்தது.

பெருநாள் முடியட்டும், கதைப்போம். அதுவரை மீட்டர்ப் பக்கம் போக வேண்டாம், மச்சான். கேட்டுக்கொள்கிறேன்.

முனவ்வறா

---

கல்முனைக்குடி,
2023 ஏப்ரல் 26, புதன்கிழமை.

அன்புள்ள மச்சி,

அஸ்ஸலாமு அலைக்கும். ஈத் முபாறக். பெருநாள் 22ஆம் திகதி, சனிக்கிழமை, முடிந்தது. தாங்கள் கதைப்போம் என்று சொன்ன நேரம் அதற்கு மறுநாளே தொடங்கிவிட்டது என்று கருதி எழுதுகிறேன்.

24ஆம் திகதி சீமெந்து வியாபாரி வந்தார். றாஸிக் அவரை உள்ளே அழைத்துப் போனார். அவர் ஒரு நாடாவைப் பிடித்து, களஞ்சியத்தின் நீளம், அகலம், கூரையின் உயரம் எல்லாம் அளந்தார். நெல் அவிக்கும் தொட்டியை இடித்தால் லொறி உள்ளே திரும்புமா என்று அதையும் அளந்தார். களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த கனகேஸ்வரி என்னிடம் வந்து, "ஐயா, இவர் என்னத்துக்கு அளக்கிறார்?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது.

ஆலையின் தரையை அளக்க யாருடைய அங்கீகாரமும் தேவைப்படவில்லை, மச்சி. மின்சாரத்தை அளக்கத்தான் இரண்டு மாதமாகத் தங்கள் கையெழுத்து வரவில்லை. பவிதரன் மூன்று தடவை போன் எடுத்துவிட்டார். மூன்று தடவையும் "முகாமைத்துவம் பரிசீலிக்கிறது" என்றேன். அது பொய் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

வேண்டாம் என்றாவது ஒரு வரி எழுதுங்கள். அதையும் கோப்பில் வைப்பேன்.

பக்கீர் முகைதீன்

---

கல்முனைக்குடி,
2023 மே 20, சனிக்கிழமை.

அன்புள்ள மச்சி முனவ்வறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஏப்ரல் 26ஆம் திகதிய என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஆகவே கசிவை நானே கண்டுபிடிக்கத் தீர்மானித்தேன். கண்டுபிடித்தும்விட்டேன்.

நேற்று, வெள்ளிக்கிழமை, ஆலை நின்ற பின் மெயின் சுவிட்சை இழுத்தேன். மீட்டர் நின்றுவிட்டது. அப்படியானால் கசிவு ஆலையின் உள்ளேதான் என்று நினைத்துத் திரும்புவதற்குள், மதிலுக்குப் பின்னாலுள்ள வீட்டிலிருந்து றுக்ஸானாவின் குரல் கேட்டது. "இஞ்ச, மில் கரண்ட் போயிட்டு! கோணாமலய ஜெனரேற்றரப் போடச் சொல்லுங்க!" அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. தலையில் சவர்க்கார நுரையோடு, தோளில் துவாயோடு இஹ்ஸான் வந்தார். என்னையும் சுவிட்சையும் பார்த்தார். மறுபடி உள்ளே போய்விட்டார்.

மூன்றாவதாக வந்தவள் தங்கள் இளைய மகள். அவள் சத்தம் போடவில்லை. செருப்பில்லாமல் ஓடி வந்து என் முன்னால் நின்று, "பெரியவாப்பா, மெசின் நிண்டுட்டு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சுவிட்சை உடனே போட்டேன். வீட்டில் ஒரு சிலிண்டர் தயாராக இருந்தது, அதைத் திறந்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். மருமகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் போய்ப் பார்த்தபோது அவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

கோணாமலை என்னைக் கதிரையில் உட்கார வைத்துத் தண்ணீர் தந்தான். "ஐயா, உங்களுக்கு மெய்யாகவே தெரியாதா? அது சீதனக் கரண்ட்" என்றான். மகள்மாரைக் கலியாணம் முடித்துக் கொடுத்தபோது ஹாஜியார் ஆலை வளவுக்குள்ளேயே மூவருக்கும் வீடு கட்டியது எனக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டாரிடம், வீட்டோடு வெளிச்சமும் என் பொறுப்பு, அதற்கு ஒரு நாளும் கணக்குக் கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாராம். மூன்று வீட்டுக்கும் வயர் ஆலையின் மெயினில் இருந்தே போகிறது. அந்த வருடங்களில் நான் பொலன்னறுவையில் வேலை பார்த்தேன். கலியாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவன், மீட்டரைத் தேடவில்லை.

ஆலையில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நெல் துழாவுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாது. நான் கசிவு கசிவு என்று பேசியபோது தாங்கள் எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். தங்கள் கடிதத்திலும் பழைய ஆலை கசியும் என்று இருக்கிறது.

இக்கடிதத்தை என் பதவி விலகலாகக் கொள்ளவும். செல்லுபடியாகும் திகதி இன்று.

பக்கீர் முகைதீன்

---

தெஹிவளை,
வியாழன் அசர் தொழுகைக்குப் பிறகு.

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சுவிட்சை இழுத்தது அன்றே எனக்குத் தெரியும். இளையவள் போனில் சொன்னாள். "பெரியவாப்பா பாவம் உம்மா, அவர்தான் பயந்துட்டார்" என்றாள். அவள் உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். உங்களுக்குச் சொல்லாதது என் பிழை.

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. அவர் வாக்குக் கொடுத்தது பள்ளிவாசல் நிருவாகத்து மரைக்காயர்மார் முன்னால். மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி. எந்தப் பிள்ளைக்கும் கூட இல்லை, குறைய இல்லை. இப்போது நீங்கள் அளந்தால் மூன்று வீடும் மூன்று இலக்கமாகிவிடும். எந்த வீட்டு இலக்கம் பெரிதாக இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மெசின் நிற்பதில்லை. மருமகன் கடை வேலைக்குப் போய் ஒன்றரை வருடமாகிறது.

றாஸிக்கும் இஹ்ஸானும் நல்ல பிள்ளைகள். ஆனால் ஓர் இலக்கத்தைப் பார்த்த மனிதனால் அதை மறக்க முடியாது, மச்சான். இன்றைக்கு ஒன்றும் கதைக்க மாட்டார்கள். என்றைக்காவது சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வரும். தெரியாத வரைக்கும் அது வாப்பா கொடுத்தது. தெரிந்த பிறகு, தங்கச்சி வீட்டுக்காக நாங்கள் கட்டுவது. என் பிள்ளைகள் மூவரும் ஒரே வளவுக்குள் முகம் பார்க்காமல் நடப்பதை நான் பார்க்க வேண்டாம்.

அதனால்தான் கையெழுத்துப் போடவில்லை. உங்களுக்குச் சொன்னால் எழுதி, திகதி போட்டு வைத்துவிடுவீர்கள் என்று சொல்லவும் இல்லை.

விலகலைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. வீட்டில் இருந்து கொஞ்சம் ஆறுங்கள்.

முனவ்வறா

---

கல்முனைக்குடி,
2023 ஜூன் 5, திங்கட்கிழமை.

அன்புள்ள மச்சி,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். தங்கள் அச்சம் நியாயமானது. அதற்கு மேலும் ஒரு விடயம் இருப்பதால் இதை எழுதுகிறேன். ஊழியனாக அல்ல. விலகியாயிற்று.

பெரும்போக நெல் முடிந்துவிட்டது. ஆலையைப் பூட்டும் நாளை ஜூலைக்குள் குறிக்கப் போவதாக றாஸிக் என் வீட்டுக்கே வந்து சொன்னார். பூட்டினால் மின் இணைப்பு சீமெந்து வியாபாரியின் பெயருக்குப் போகும். ஹாஜியாருடைய வாக்கு அந்த மனிதரைக் கட்டுப்படுத்தாது. அன்றைக்கு அந்த மெயின் சுவிட்சை இழுப்பது நானாக இருக்க மாட்டேன். இழுத்தவர், பிள்ளை செருப்பில்லாமல் ஓடி வந்தாலும் மறுபடி போட மாட்டார். ஜெனரேற்றரும் அவருடையதாகத்தான் இருக்கும்.

அளந்தால் மூன்று வீடும் முகம் பார்க்காது என்கிறீர்கள். அளக்காவிட்டால் மூன்று வீடும் ஒரே இருட்டில் இருக்கும். இதில் எது சமம் என்று எனக்குத் தெரியவில்லை.

அங்கீகாரக் கடிதத்துக்கு இறுதித் திகதி ஜூன் 30, வெள்ளிக்கிழமை. இதைப் பற்றி இனி எழுத மாட்டேன். தங்கள் கால் பூரண சுகமடைய துஆச் செய்கிறேன்.

பக்கீர் முகைதீன்

---

தெஹிவளை,
சனிக்கிழமை. பெருநாள் இறைச்சி இன்னும் முடியவில்லை.

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஈத் முபாறக். பதில் எழுதாமல் இருந்ததற்குக் கோபித்திருப்பீர்கள். எழுத ஒன்றும் இல்லை. செய்யத்தான் இருந்தது.

உங்கள் கடிதம் வந்த அன்று இரண்டு மூத்த பிள்ளைகளுக்கும் போன் எடுத்தேன். வாப்பா கொடுத்த வாக்கை உம்மாவுக்குத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். றுக்ஸானா அழுதாள். நடுவாள் கோபித்தாள். பிறகு இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள், "எங்களுக்குச் சரி உம்மா, அவர்கிட்டக் கேக்கணும்" என்று. வாக்கு மாப்பிள்ளைக்குக் கொடுத்தது. மாப்பிள்ளைதான் திருப்பித் தரவேண்டும். கதவுக்கு அங்காலிருந்து வாக்கைக் கொடுக்கலாம், மச்சான். திருப்பி வாங்க முடியாது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

றுக்ஸானாவிடம், போனை மருமகனிடம் கொடு என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. "நீங்களா, உம்மா?" என்றாள். நான்தான் என்றேன். றாஸிக் எழுந்து நின்றுவிட்டாராம், தொப்பியைத் தேடினாராம். "றாஸிக் மகன், நான் மாமி கதைக்கிறன்" என்றேன். அவர் "ஓம் மாமி" என்றார். அவரவர் பெயரில் மீட்டர் எடுக்கும் விடயம் முழுவதும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ஓம் மாமி, ஓம் மாமி. என்ன சொன்னேன் என்று விளங்கியதா என்று கேட்டேன். அதற்கும் ஓம் மாமி. அடுத்த நாள் அவராகவே போன் எடுத்து, "மாமி, நேத்து ஒண்டும் காதுல ஏறல்ல, திரும்பச் சொல்லுங்க" என்றார். திரும்பச் சொன்னேன். அப்போதுதான் கதைத்தார். கோபமும் பட்டார். கோபப்பட்டது எனக்குப் பிடித்தது.

இஹ்ஸான் பள்ளிக்கூட மாஸ்டர் அல்லவா? கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் சம்மதித்தார்.

நீங்கள் விலகி வீட்டில் இருந்த நாட்களில் இதெல்லாம் நடந்தது. போய் வளவின் பின்பக்கச் சுவரைப் பாருங்கள். மூத்தவளுக்கும் நடுவாளுக்கும் அவரவர் பெயரில் மீட்டர் வந்துவிட்டது. றாஸிக் ஒவ்வொரு நாளும் போய் நின்று எடுத்தார். இரண்டாவது மீட்டருக்கு நேற்று வயர் கொடுத்தார்கள். இளையவள் வீட்டு வயர் ஆலையிலேயே இருக்கும், மெசினுக்கு ஜெனரேற்றர் வேண்டும். ஆனால் அந்த வயருக்கும் ஒரு சின்ன மீட்டர் பூட்டச் சொல்லிவிட்டேன். சிறுபோக நெல் வரும் வரை ஆலையைப் பூட்டுவதில்லை என்று இருவரும் சொன்னார்கள்.

மூன்று வீட்டாரும் ஓம் சொல்லி, வயரும் மாறும் வரை பேனையை எடுப்பதில்லை என்று இருந்தேன். இன்று காலை கையெழுத்துப் போட்டேன். அங்கீகாரக் கடிதம் இதற்குள் இருக்கிறது. திகதியை விட்டிருக்கிறேன். திகதி உங்கள் வேலை.

விலகல் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

முனவ்வறா

---

பாலமுனை, ஆலைக் காரியாலயம்,
2023 ஜூலை 7, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சி,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. பெருநாள் 29ஆம் திகதி, வியாழக்கிழமை. அதற்குப் பின் வந்த சனிக்கிழமை ஜூலை முதலாம் திகதி. இன்று காலை கையெழுத்துப் போட்டேன் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே வெறுமையாக இருந்த இடத்தில் 2023 ஜூலை 1 என்று எழுதினேன்.

ஒரு நாள் பிந்திவிட்டது.

றாஸிக் பக்கத்தில் நின்று பார்த்தார். "மாமா, முப்பது எண்டு போட்டா யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். பவிதரனும் போனில், தன்னிடம் வந்து சேர்ந்த நாள் முக்கியமில்லை, கடிதத்தின் திகதிதான் முக்கியம் என்று சொன்னார். அவர் என்ன சொல்ல வந்தார் என்பது எனக்கு விளங்கியது. ஆனால் அளப்பதற்கு அனுமதி கேட்கும் கடிதத்திலேயே பொய்யான இலக்கம் ஒன்றை எழுதிவிட்டு, பிறகு எதை அளப்பது? நான்கரை மாதம் தங்களிடம் திகதி கேட்டவன் நான்தானே.

கடிதம் ஏற்கப்படவில்லை. அடுத்த சுற்று செப்டெம்பரில்தான் திறக்கும். றாஸிக் என்னோடு இரண்டு நாள் கதைக்க மாட்டார் என்று நினைக்கிறேன். எனக்கும் யாரோடும் கதைக்க மனமில்லை. பின்பக்கச் சுவரில் இரண்டு மீட்டரையும் பார்த்தேன். ஒன்று சற்றுச் சரிந்திருக்கிறது.

விலகல் கடிதம் கிழிக்கப்பட்டுவிட்டதால் வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

பக்கீர் முகைதீன்

---

பாலமுனை, ஆலைக் காரியாலயம்,
2023 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை.

அன்புள்ள மச்சி,

அஸ்ஸலாமு அலைக்கும். அடுத்த மாதம் தாங்கள் ஊர் திரும்புவதாக இளையவள் சொன்னாள். சந்தோசம். பஸ்ஸில் வர வேண்டாம்.

சிறுபோக நெல் சவளக்கடைப் பக்கமிருந்து வரத் தொடங்கிவிட்டது. கனகேஸ்வரியும் மற்றவர்களும் களத்தில் நிற்கிறார்கள். சீமெந்து வியாபாரி ஒரு தடவை வந்து, நெல் மூட்டைகளைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜூலை மாதப் பாவனை குறைந்திருக்கிறது. ஆனால் எதனால் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. இரண்டு வீடு பிரிந்தது ஒரு பங்கு. நெல் குறைவாக வந்த மாதம் என்பது இன்னொரு பங்கு. கொயில் மறுபடி கட்டிய, ஆலையின் பழைய மோட்டார் எவ்வளவு தின்கிறது என்று இன்றும் ஒருவராலும் சொல்ல முடியாது. காரணம் தெரியாத குறைவு எனக்குப் பிடிப்பதில்லை. காரணம் தெரியாமல் அது மறுபடி ஏறும். ஆகவே மதிப்பாய்வு இன்னும் வேண்டும். புதிய அங்கீகாரக் கடிதம் ஒன்று வேண்டும்.

இன்னுமொன்று. சின்ன மீட்டரை முதன்முதலாக வாசித்த அன்று றாஸிக்கும் இஹ்ஸானும் என் பின்னால் வந்து நின்றார்கள். நான் கண்ணாடியைத் துடைத்து இலக்கத்தை வாசிக்கப் போனேன். றாஸிக் என் தோளைத் தொட்டார். "மாமா, சத்தமா வாசிக்காதீங்க. நீங்க மட்டும் குறிச்சி வச்சிக்கங்க. எங்களுக்கு வேணாம்" என்றார். இஹ்ஸான் ஏற்கனவே மறுபக்கம் திரும்பி நின்றார்.

குறித்து வைத்தேன். பவிதரன் வந்தால் அவருக்குக் காட்டுவேன். இக்கடிதத்தில் அந்த இலக்கத்தை நான் எழுதவில்லை.

பக்கீர் முகைதீன்

---

தெஹிவளை,
2023 செப்டெம்பர் 8, வெள்ளிக்கிழமை.

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அங்கீகாரக் கடிதம் இதற்குள் இருக்கிறது. திகதியை நானே போட்டிருக்கிறேன். சுபைறாவின் கலண்டரில் பார்த்து, பேத்தியிடம் கேட்டு, பிறகுதான் எழுதினேன். பிழை இருந்தால் என்னிடம் சொல்ல வேண்டாம்.

நேற்று இரவு றாஸிக் போன் எடுத்தார். சுபைறாவிடம் கொடுக்கச் சொல்லவில்லை. "மாமி, கால் எப்பிடி?" என்று கேட்டார். மடங்குகிறது என்றேன். பிறகு இரண்டு பேருக்கும் என்ன கதைப்பது என்று தெரியவில்லை. ஆனால் அவர் உடனே வைக்கவில்லை.

கருவிகளைப் பூட்டட்டும். வெள்ளிக்கிழமையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள்.

முனவ்வறா